கோயில் குளிசை

வைத்தியர் தூக்கிப் பிடித்த கண்ணாடிக் குழாயில் அடியில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. அதற்கு மேலே முழுக்க வெள்ளை. நேசமலர் அதை ஏதோ மருந்து என்றுதான் முதலில் நினைத்தாள். இது உங்கள் மருமகளின் இரத்தம் என்றார் வைத்தியர். இயந்திரத்தில் சுற்றிப் பிரித்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும், இங்கே கொழுப்பு மிதந்து பால் மாதிரி நிற்கிறது என்றார். கட்டிலில் கிடந்த சஜிதா தலையைத் திருப்பி, "என்னவாம் மாமி?" என்று கேட்டாள்.

"இரத்தத்தில கொஞ்சம் கொழுப்புக் கூடிப்போச்சாம், பிள்ளை. வேறயொண்டும் இல்லை."

அப்படித்தான் நேசமலர் மொழிபெயர்ப்பாள். ஜெர்மனியில் ஹம்பேர்க்குக்கு வந்த இருபத்தேழு வருடத்தில், நேரம் குறித்துப் போகிற சந்திப்பான டேர்மீனில் அவள் கூடப் போகாதது இல்லை. பல்லுக்கொதியோ பிள்ளைப்பேறோ விசாக் கந்தோரோ, ஹார்பூர்க் பக்கத்துத் தமிழ்ச் சனம் முதலில் அவளுக்குத்தான் தொலைபேசி எடுக்கும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று பொறுக்கிய டொச் மொழி என்றாலும் தண்ணீராக வரும். நோயாளி அரை மணி நேரம் அழுது சொல்வதை இரண்டு வசனத்தில் முடித்துக் கொடுப்பாள், வைத்தியர் சொல்வதையும் அப்படித்தான். சில கேள்விகளை நோயாளியிடம் கேட்கவே மாட்டாள். தனக்குத் தெரிந்த பதிலுக்கு ஏன் இன்னொருவரைப் போட்டு வருத்த வேண்டும் என்பது அவளுடைய நியாயம். எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள், அவளும் அதை ஒரு நாளும் மறுத்ததில்லை.

முதல்நாள் செவ்வாய்க்கிழமை, சஜிதா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியவள் பிறகு எழும்பவில்லை. வலி முதுகுக்குப் போனது, வாந்தி நிற்கவில்லை. மகன் லவன் வட கடலில் காற்றாலை பழுதுபார்க்கிற வேலை. இரண்டு கிழமை கடலில், இரண்டு கிழமை வீட்டில். அன்று அவன் கடலில் நின்றான். நேசமலரின் கணவர் யோகலிங்கம் கோயில் திருவிழாவுக்குக் கொட்டகை போடப் போய்விட்டார். நேசமலர்தான் அம்புலன்ஸைக் கூப்பிட்டு, மருமகளின் கைப்பையையும் தூக்கிக்கொண்டு கூட ஏறினாள். சஜிதா யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்து மூன்று வருடம். டொச் வகுப்பில் வணக்கமும் விலாசமும் சொல்லப் பழகியிருந்தாளே தவிர, வலியைச் சொல்லப் பழகியிருக்கவில்லை.

வைத்தியர் ஹென்னிங்ஸ் மெலிந்த, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். வயிற்றை ஸ்கான் செய்து பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல்லில்லை, மண்டி மட்டும் படிந்திருக்கிறது, ஆனால் கணையம் வீங்கிக் கிடக்கிறது என்றார். கணையத்துக்கு டொச் சொல் நேசமலருக்குத் தெரியும், தமிழ்ச் சொல் தெரியாது. "வயித்துக்குள்ள ஒரு சுரப்பி வீங்கியிருக்காம்" என்று சமாளித்தாள். ஏதும் மருந்து எடுக்கிறாரா என்று வைத்தியர் கேட்டு வாய் மூடுமுன் நேசமலர் இல்லை என்றாள். குடும்பத்தில் யாருக்கும் கொழுப்பு வருத்தம், கணைய வருத்தம் உண்டா என்றார். அதற்கும் இல்லை என்றாள். தயவுசெய்து அவரிடமே கேளுங்கள் என்று வைத்தியர் சொன்னபோது, என் வீட்டில் இருக்கிற பிள்ளை, எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சிரித்தாள். வைத்தியர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை அந்தக் குழாயைக் காட்டியபோது வைத்தியர் மறுபடியும் கேட்டார், இந்த முறை குறிப்பாக. கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா? வேறு ஏதும் ஹோர்மோன்? நேசமலருக்கு ரோசமே வந்துவிட்டது. மூன்று வருடமாகப் பிள்ளைக்குத் தவமிருக்கிற பெண் ஏன் கருத்தடை மாத்திரை எடுக்கப் போகிறாள் என்று கேட்டாள். பிள்ளைக்காகத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தேருக்குப் பாற்செம்பு எடுக்க நேர்த்தி வைத்திருக்கிறாள் என்றும் சொன்னாள். வைத்தியர் குறித்துக்கொண்டு போனார். அவர் போய்க் கதவு சாத்தின பிறகுதான் நேசமலரின் நெஞ்சில் ஒரு சின்னப் பயம் வந்து குந்தியது.

அந்தப் பயத்துக்குப் பெயர் கோயில் குளிசை. தேருக்கோ கலியாணத்துக்கோ திவசத்துக்கோ தீட்டு வந்து குறுக்கே நிற்காமல், நாளைத் தள்ளிப்போடப் பெண்கள் விழுங்குகிற மாத்திரை அது. முன்பு கொழும்புக்குப் போய்வருகிறவர்கள் கொண்டுவந்தார்கள். பிறகு நேசமலரின் மகள் கவிசா மாதவலிக்கென்று வைத்தியரிடம் வாங்கின குளிசைப் பெட்டிகள், அவள் டுசல்டோர்ஃபுக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் மிஞ்சின. இதுவும் அதே வேலைதான் செய்யும், இடைவெளி விடாமல் போட்டால் சரி என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். நேசமலர் பெட்டிகளைச் சாமித் தட்டில், எண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்தாள். தானும் போட்டிருக்கிறாள், கேட்டவர்களுக்கும் கொடுத்திருக்கிறாள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. திருநீறு, கற்பூரத்தோடு இருக்கிற சாமானை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

மூன்று கிழமைக்கு முன்னால் சஜிதாவுக்கும் கொடுத்தாள். சஜிதாவுக்கு நாள் சரியாகத் தேருக்குக் கிட்டத்தான் வரும். நேர்த்தி பிசகக்கூடாது என்று, காலையில் ஒன்று, இரவு ஒன்று போடச் சொன்னாள். பெட்டியில் ஒன்றுதான் என்று எழுதியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். காரியம் பெரிதென்றால் இரண்டாகப் போட்டால்தான் பிடிக்கும் என்பது அவளுடைய சொந்த வைத்தியம்.

இது அதுவாக இருக்காது என்று புதன்கிழமை முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்கு நேர்ந்த நேர்த்திக்குக் கொடுத்த குளிசை. அது எப்படி ஒருத்தியின் இரத்தத்தைப் பாலாக்கும்?

வியாழக்கிழமை காலை வைத்தியரின் முகம் சரியில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஊசியால் இன்சுலினும் சேலைனும் ஏற்றியபடியே இருக்கிறோம், இந்நேரம் கொழுப்பு பாதியாவது இறங்கியிருக்க வேண்டும், கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, காரணம் புரியவில்லை என்றார். சஜிதாவுக்குக் காய்ச்சலும் ஏறத் தொடங்கியிருந்தது. மூச்சை மேலோடு மேலாக இழுத்துக்கொண்டு கிடந்தாள். வைத்தியர் போனதும் நேசமலரைக் கிட்ட வரும்படி கண்ணால் கூப்பிட்டாள்.

"மாமி, குளிசை முடியப்போகுது" என்றாள் மெல்ல. "நாளைக்குக் காலமை வரைக்குந்தான் காணும். மற்றப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ. இப்ப விட்டா ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் வந்திடும்."

நேசமலர் இன்னும் கிட்டக் குனிந்தாள். "இஞ்ச வந்தும் போடுறியோ?"

"ஓம். காலமையும் இரவும். வாய் நனைக்கத் தாற பஞ்சுத் தண்ணியோட விழுங்கிறன். நேர்ஸ்மார் காணேல்லை." நேர்ஸ்மாரை ஏய்த்ததில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட. "எழும்பி நிக்க ஏலாட்டிலும் பரவாயில்லை மாமி. கதிரையில வச்செண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ. செம்பை மட்டும் நான் தூக்கினாக் காணும்."

நேசமலர் சஜிதாவின் கைப்பையைத் திறந்து பார்த்தாள். கைக்குட்டைக்குள் சுற்றியபடி குளிசை அட்டை இருந்தது, இரண்டே இரண்டு குளிசை மிச்சம். அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டு ஓடி வருகிறேன் என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது.

வீட்டில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றாமலே சாமித் தட்டுக்கு முன்னால் போய் நின்றாள், அப்படி அவள் ஒரு நாளும் நின்றதில்லை. பெட்டியைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை பெட்டி பிரித்திருப்பாள், அந்தத் தாளை ஒருமுறைகூட விரித்ததில்லை. ஊரில் உள்ளவர்களின் கடிதமெல்லாம் வாசித்துக் கொடுத்தவள் இந்தத் தாளை வாசிக்கவில்லை. விரிக்க விரிக்க அது மேசையளவுக்கு வந்தது. சின்ன எழுத்து. விரலை வைத்து வாசித்தாள்.

முதல் வரியிலேயே கருத்தரிக்காமல் தடுக்கும் மாத்திரை என்று போட்டிருந்தது. கவிசாவின் குளிசை, கோயில் குளிசை என்றே சொல்லிச் சொல்லி, வைத்தியர் கேட்ட மாத்திரை இதுதான் என்பதை அவள் ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை. பிள்ளை கேட்டு நேர்த்தி வைத்தவளுக்குப் பிள்ளை வராத குளிசையைக் காலையும் இரவும் கொடுத்திருக்கிறாள். கதிரையில் உட்கார்ந்து மிச்சத்தையும் வாசித்தாள். யார் எடுக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் இருந்தது. இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாகிக் கணைய வீக்கம் உள்ளவர்கள் அல்லது முன்பு வந்தவர்கள் என்று அதில் ஒரு வரி. கணையத்துக்கான அந்த நீளமான டொச் சொல்லை இரண்டு நாளாக வைத்தியரின் வாயில் கேட்டுக்கேட்டு அவளுக்குப் பாடமாகியிருந்தது. இப்போது அது எழுத்தில் அவளுடைய விரலுக்குக் கீழே கிடந்தது.

இனி என்ன? திரும்பிப் போகிற எஸ்-பான் ரயிலில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தாள். ரயில் எல்பே ஆற்றைக் கடந்தது. அட்டை அவளுடைய பைக்குள், பெட்டியும் பைக்குள். சஜிதாவின் கையில் இனி ஒரு குளிசையும் இல்லை. ஆற்றில் எறிந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டாலும் சரி, கதை முடிந்தது. குளிசை நின்றால் கொழுப்புத் தானாக இறங்கும். ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. சொன்னால் என்ன நடக்கும்? வைத்தியர் எழுதாத மருந்தை இன்னொருத்திக்குக் கொடுத்தது இந்த நாட்டில் பொலிஸ் வரை போகுமோ? இரண்டு தரம் கேட்டும் இல்லை என்று சொன்னதை என்னவென்று எழுதுவார்கள்? அதெல்லாம் போகட்டும். லவன் கேட்பான். அவனுடைய முகத்தை எப்படிப் பார்ப்பது? கரைக்கு வந்துவிட்டேன், நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்பேன் என்று அவன் குறுஞ்செய்தி போட்டிருந்தான். மணி மூன்று ஆகப் போகிறது.

அவள் மோசமான மனுசி இல்லை. ஆனால் அந்த ரயிலில் இருந்தபோது, மருமகள் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதைவிடத் தான் அகப்படக்கூடாது என்றுதான் கூடுதலாக வேண்டிக்கொண்டாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அறைக்குள் போனபோது கட்டிலைச் சுற்றிப் புது இயந்திரங்கள் நின்றன. வைத்தியர் ஹென்னிங்ஸ் அவளுக்காகத்தான் காத்திருந்தார். காய்ச்சல் கூடுகிறது, இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, கழுத்தில் பெரிய இரத்த நாளத்துக்குள் குழாய் விட்டு, இரத்தத்தை வெளியே எடுத்து, கொழுப்போடு இருக்கிற நீரைப் பிரித்து மாற்ற வேண்டும். இரத்தம் பெருகலாம், கட்டிபடலாம், தொற்று வரலாம். காரணம் தெரிந்திருந்தால் வேறு விதமாகவும் யோசிக்கலாம், தெரியாமல் போனால் இறக்கின கொழுப்பு நாளைக்கே திரும்ப ஏறும் என்றார். இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்துங்கள், கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினார்.

நேசமலர் சஜிதாவின் கழுத்தைப் பார்த்தாள். தாலிக்கொடியை நேர்ஸ்மார் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். வெறும் கழுத்து, மெல்லியது, ஒரு பக்கம் துடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் துளை போடப் போகிறார்கள். எதனால் என்பது நேசமலரின் பைக்குள் கிடந்தது.

பெட்டியை எடுத்து வைத்தியரின் கையில் வைத்தாள். எப்படி எடுத்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

வைத்தியர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நேசமலர் எதிர்பார்த்தாள், அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு இருந்துகொண்டு, தாளில் ஈரலின் படம் ஒன்றைக் கீறினார். ஈரல்தான் கொழுப்பையும் கொலஸ்ரோலையும் செய்து இரத்தத்துக்கு அனுப்புகிறது, மிச்சக் கொலஸ்ரோலைப் பித்தத்தில் தள்ளுகிறது. இந்த மாத்திரையில் உள்ள ஹோர்மோன் ஈரலைப் பிடித்து இன்னும் செய், இன்னும் செய் என்று விரட்டும். பெரும்பாலானவர்களுக்கு உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். பிறப்பிலேயே கொழுப்பைக் கரைக்கும் பலம் குறைந்த சிலருக்குத் தாங்காது. பித்தப்பையில் மண்டி, இரத்தத்தில் பால், பிறகு கணையம் வெந்துபோகும். சொல்லி முடித்துவிட்டு நேசமலரை நிமிர்ந்து பார்த்தார். இனி நான் கேட்பதை ஒவ்வொன்றாக அவரிடம் கேளுங்கள், அவர் சொல்வதை அப்படியே எனக்குச் சொல்லுங்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம் என்றார்.

அவளுடைய வயதில் பாதிதான் அந்தப் பெண். நேசமலர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாளாக என்று கேட்டாள். சஜிதா சொன்னாள், நேசமலர் டொச்சில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் போட்டதையும் சொன்னாள். குடும்பத்தில் யாருக்கும் இப்படி வந்ததா என்று கேட்டாள். இதைச் செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்க வேண்டும். சஜிதா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அப்பாவின் தங்கச்சி ஒருத்தி, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இதே மாதிரி வயிற்றுவலி வந்து மூன்றாம் நாள் செத்துப்போனாள், யாரோ சூனியம் செய்ததென்று வீட்டில் கதைத்தார்கள் என்றாள். நேசமலர் அதைத் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தாள். வைத்தியர் வேகமாக எழுதிக்கொண்டார்.

அடுத்த கேள்வி வந்தது. நேசமலர் வைத்தியரைப் பார்த்தாள், வைத்தியர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"பிள்ளை" என்றாள் நேசமலர். "இது பிள்ளை தங்காமல் இருக்கிறதுக்குப் போடுற குளிசை எண்டு உனக்குத் தெரியுமோ எண்டு டொக்டர் கேக்கிறா."

சஜிதா அவளையே பார்த்தாள். முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது, விளங்கினது முகத்தில் தெரிந்தது. "பிள்ளை தங்காமலோ?" என்றாள். கண் இரண்டும் நிரம்பி வழிந்து காதுப்பக்கம் ஓடியது. துடைக்க அவளுக்குக் கை எழவில்லை, ஊசிகள் பூட்டியிருந்தன. நேசமலருக்கும் துடைத்துவிடத் துணிவு வரவில்லை.

சஜிதா தெரியாது என்று தலையாட்டினாள். அதையும் நேசமலர் சொன்னாள்.

"ஆர் தந்தது எண்டு கேக்கிறா."

சஜிதா கண்ணை மூடித் திறந்தாள். "நானாத்தான் எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ, மாமி. லவன் வரப்போறார். வீட்டில சண்டை வேண்டாம்."

இப்படி ஒரு வழி திறக்கும் என்று நேசமலர் நினைத்திருக்கவில்லை. வைத்தியரே சொன்ன கட்டளை, அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள் என்று. இருபத்தேழு வருடத்தில் முதல்தடவையாக ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தால் போதும், தப்பிவிடலாம். சொன்னாள். தானாக எடுத்ததாக என்னைச் சொல்லச் சொல்கிறாள், கணவர் வருகிறாராம், வீட்டில் சண்டை வேண்டாமாம் என்று முழுவதையும் அப்படியே டொச்சில் சொன்னாள். பிறகு நிறுத்தாமல், அது பொய், கொடுத்தது நான், இரண்டாகப் போடச் சொன்னதும் நான், நீங்கள் கேட்டபோது இல்லை என்றதும் நான் என்று சொன்னாள்.

வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சஜிதா, "என்ன மாமி சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். நேசமலர் அதையும் சுருக்காமல் தமிழில் சொன்னாள். சஜிதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வைத்தியர் எழும்பி எங்கெங்கோ தொலைபேசி எடுத்தார். காரணம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை உள்ளே போகாது, அது பெரிய உதவி, ஆனால் இன்றிரவே இரத்தத்தைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆபத்து இன்னும் போகவில்லை என்றார். கட்டிலின் சில்லுப் பூட்டுகளை நேர்ஸ்மார் கழற்றினார்கள். சஜிதா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கட்டில் நகரும்போது அவளுடைய கை தலைமாட்டில் எதையோ தேடியது. தாலிக்கொடி கிடந்த பையை நேசமலர் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள், ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

நடையில் லவன் ஓடி வந்தான். கடலில் போடுகிற செம்மஞ்சள் உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். கட்டிலோடு சேர்ந்து கொஞ்சத் தூரம் நடந்து, மனைவியின் நெற்றியில் கையை வைத்தான். உள்ளே கொண்டுபோய்க் கதவு மூடியதும் திரும்பி வைத்தியரிடம் டொச்சில் கேட்டான், என்ன நடந்தது, எதனால் வந்தது என்று. அவனுக்கு மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை. வைத்தியர் சொல்வதற்கு வாயெடுத்தார். நேசமலர் சுவரில் சாய்ந்து நின்றால் போதும், எல்லாம் அவளுடைய வாயில்லாமலே அவனுடைய காதுக்குப் போய்விடும்.

நேசமலர் வைத்தியரின் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"இஞ்ச வா, தம்பி" என்றாள். "அம்மா சொல்லுறன்."